இருபத்தைந்து முள்ளும் நாலு கம்பியும்

‘சேர்ந்து இயங்க வேண்டிய இரண்டு கருவிகளை வாங்குமுன், இரண்டையும் ஒன்றாக இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.’

எங்கள் மணலி ஆலையின் கொள்முதல் விதிகளில் நாற்பத்திரண்டாவது. அந்தப் புத்தகத்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். ரிடையர் ஆன பிறகும் மறக்க மாட்டேன் என்கிறது.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாருக்கும் வேலை போய்விடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் — பிளக் பொருந்தாது.

கம்ப்யூட்டரை வாங்கியது ஒரு கமிட்டி. அது அனுப்புகிறபடி கேட்டில் டேங்கர் லாரிகளுக்குப் பாஸ் அடித்துத் தர டெலிபிரிண்டர் வாங்கியது இன்னொரு கமிட்டி. இரண்டுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டவன் நான். விலை, டெலிவரி, வாரண்டி, பெயிண்ட் நிறம் வரை கட்டம் போட்டேன். பிளக்குக்கு ஒரு கட்டம்? போடவில்லை.

பெட்டிகளைப் பிரித்தோம். கம்ப்யூட்டரின் முதுகில் இருபத்தைந்து முள் வைத்த பிளக். டெலிபிரிண்டரின் முதுகில் நாலே கம்பி. இரண்டுமே ஸ்டாண்டர்டுதான் என்று சர்டிபிகேட் வேறு இருந்தது!

எது உசத்தி? முள் பிளக் லட்சணமானது. எந்த முள்ளில் என்ன வரும் என்று ஒரே பட்டியல். ஆனால் ஐம்பது அடி தாண்டினால் மூச்சு வாங்கும். நாலு கம்பி, தந்தி காலத்து ஆசாமி. கம்பெனிக்குக் கம்பெனி பழக்கம் மாறும். ஆனால் எவ்வளவு தூரம் இழுத்தாலும் சளைக்காது. எங்கள் கேட்டோ கம்ப்யூட்டர் அறையிலிருந்து அரை மைல்...

இதற்கிடையில், கையால் எழுதும் பாஸ் புத்தகத்தை ஒழித்து உத்தரவே போட்டாகிவிட்டது. மூன்று நாள் டேங்கர் எதுவும் நகரவில்லை.

எலக்ட்ரிகல் பிட்டர் ஆரோக்கியசாமி வந்தார். ராயபுரத்துக்காரர். முன்பு ஹார்பரில் கப்பல் வயர்லெஸ் ரிப்பேர் பார்த்தவர். இரண்டு மெஷினையும் ஒருமுறை சுற்றி வந்தார்.

“இது வோல்ட்டேஜ்ல பேசுது சார், அது கரண்ட்டுல பேசுது. நடுவுல எடுத்துச் சொல்ல ஆளு இல்லன்னா அதுங்க இன்னா பண்ணும், பாவம்?”

மறுநாள் ஒரு சோப்பு டப்பாவோடு வந்தார். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான். டப்பாவை நடுவில் வைத்ததும் டெலிபிரிண்டர் தடதடவென்று பாஸ் அடித்தது. முதல் பாஸை வாங்கிய டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா நைனா, இதுக்கா மூணு நாளா வெயில்ல காய வச்சே?”

எலக்ட்ரிகல் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. இறக்குமதி மெஷினில் அனுமதியின்றிக் கை வைத்த குற்றத்துக்கு சார்ஜ் ஷீட் தயாரிக்கச் சொன்னார். அந்த வருடம் சார்ஜ்மேன் பதவிக்கு முதல் ஆள் ஆரோக்கியசாமி. சார்ஜ் ஷீட் கைக்குப் போனால் பிரமோஷன் நின்றுவிடும். அதுதான் விதி.

“பத்து வருசமா அந்த நாற்காலியப் பாத்துகினு கீறேன் சார். கடைசில சோப்பு டப்பாவுலயா வழுக்கி வுயணும்?” என்றார்.

இறக்குமதிச் சாமான் விவகாரம் என்பதால் பைல் கொள்முதல் பிரிவுக்கு, என் மேஜைக்கு வந்தது. உண்மையில் குற்றவாளி யார்? பிளக்குக்குக் கட்டம் போடாத நான். குறிப்பில் அதையும் எழுதினேன், யாரும் படிக்கவில்லை. கூடவே இதையும் எழுதினேன்: ‘மெஷினுக்குக் கேடு உண்டா என்பது தெரியாமல் குற்றம் சாட்ட இயலாது. தயாரித்த கம்பெனியின் பதில் வரும்வரை இப்போதுள்ள நிலையே நீடிக்கலாம்.’

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். இப்போதுள்ள நிலை என்றால் என்ன? சோப்பு டப்பா கம்ப்யூட்டர் அறையில். சார்ஜ் ஷீட் என் டிராயரில்.

வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் கப்பல் தபாலில் போயிற்று. ஏர்மெயிலுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. மாதம் தவறாமல் நினைவூட்டலும் அனுப்பினேன் — அதுவும் கப்பலில்.

எட்டு மாதம். டப்பா ஒருநாள் கூட மக்கர் பண்ணவில்லை. ஆரோக்கியசாமி சார்ஜ்மேன் நாற்காலியில் உட்கார்ந்தது மார்ச் இரண்டாம் தேதி.

கம்பெனியிடமிருந்து பதிலும் வந்தது. ஒரே வரி: ‘இவ்விரு கருவிகளையும் இணைக்க இயலாது.’

தபால் பிரிவு குத்திய முத்திரை — மார்ச் மூன்று.