செவுத்துக்கு அந்தாண்ட நிக்கிறவன் உனக்கு எப்டித் தெரியும்?

ஏசி ஓடும், குளிராது. கல்மண்டபம் ஏரியாவில் ஒரு மாடியில் இருந்த அந்த கேம் சென்டருக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது டீசல் வாசனைதான். அதைக் கொண்டுவருபவன் நசீர். மீன்பிடித் துறைமுகத்தில் போட் என்ஜின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் கையைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்காருவான். அவன் தொட்ட கீபோர்டில் கை வைத்தால் நமக்கும் ஒட்டும்.

எனக்கு அப்போது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. எங்கள் கும்பலில் பாதிப்பேர் அங்கேதான். நாள் முழுக்க லாரியிலிருந்து கம்பியும் தகடும் விழுகிற சத்தத்தில் நின்றுவிட்டு, ஞாயிறானால் இங்கே கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எவன் மேலாவது டவுட் வந்தால் கைநீட்டக் கூடாது. எழுந்துபோய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவன் ஒரு ரவுண்டு ஆடிக் காட்ட வேண்டும். திருட்டுத்தனம் தெரிந்தால் அதோடு அவனுக்கு அந்த மாடிப்படி கிடையாது.

எனக்கோ பிறவியிலேயே சந்தேகப் புத்தி. டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். ஆட்டத்தில் நான் சுவரை ஒட்டிப் பம்மிப் பம்மிப் போவேன்... நசீர் எனக்கு முன்னால் திரும்பி நின்று காத்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை என்றால் சரி. எல்லாத் தடவையுமா?

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் போய் அவன் பின்னால் நின்றேன். ஸ்கிரீனில் வெறும் சுவர். ஆளே இல்லை. நசீர் சட்டென்று வலது பக்கம் திரும்பித் துப்பாக்கியை வாசலுக்கு நேராக வைத்தான். இரண்டு விநாடியில் வாசலில் ஒருத்தன் வந்தான், செத்தான்.

"செவுத்துக்கு அந்தாண்ட நிக்கிறவன் உனக்கு எப்டித் தெரியும்? இன்னாவோ திருட்டு சாப்ட்வேரு போட்டு வச்சிகினு ஆடுற!"

"காலடி சத்தம் கேக்குது மாமு."

"இன்னா கதை உடுற? நானும் ஹெட்போன் போட்டுகினுதான ஆடுறேன்?"

கழற்றி என்னிடம் நீட்டினான். மாட்டிக் கேட்டேன். துப்பாக்கிச் சத்தம்தான் வந்தது. மார்க்கெட்டில் என்னோடு வேலை செய்த இன்னும் இரண்டு பேர் மாட்டிக் கேட்டார்கள். அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்று சாட்சி. வேறென்ன வேண்டும்?

"போட் வர்ற சத்தத்துலயே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுதுன்னு சொல்றவன்டா நானு..." என்றான் நசீர். நாங்கள் சிரித்தோம்.

"எந்திரி நைனா. இனிமே இங்க வராத," என்றார் ஓனர்.

அவன் போனதற்கு அடுத்த வாரம் நான்தான் முதலிடம். பெருமையில் கால் தரையில் படவில்லை.

வருஷங்கள் கழித்து எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் மெடிக்கல். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் கதவைத் திறந்தார்.

"முடிஞ்சிடுச்சு சார். பாதிக்கு மேல நீங்க அமுக்கவே இல்ல. ரொம்ப நாளா சத்தமான எடத்துல வேலை பாத்தீங்களா?"

வெளியே வந்து ரோட்டில் நின்றேன். டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மூன்று சாட்சிக்கும் காது இரும்பு மார்க்கெட்டில் போயிருந்தது. அப்போதாவது அவனைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம்.

இப்போது வீட்டிலேயே ஆடுகிறேன். காது சரியில்லாததால் ஒரு சாப்ட்வேர் போட்டிருந்தேன். காலடிச் சத்தம் வரும் பக்கம் ஸ்கிரீன் ஓரத்தில் வெளிச்சம் காட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைக் காப்பி அடிக்கிறான் என்பீர்களா? ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன்... மற்றவனுக்குக் கேட்பதைவிட எனக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரிந்ததோ என்று எனக்கே ஒரு டவுட் உண்டு.

போன மாதம் கேம் கம்பெனியின் ஏஐ என்னை ஆட்டத்திலிருந்து தூக்கிவிட்டது. வருஷக்கணக்கில் ஆடிய அக்கவுண்ட். "முறைகேடான ஆட்டம்" என்று ஒரு வரி. மேல்முறையீடு போட்டேன், அடுத்த நொடியே நிராகரிப்பு. அத்தனை வேகத்தில் எவன் படித்தான்? சாட்டில் ஒரு பெண் பெயரில் பதில் வந்தது. "நீங்க மனுஷியா?" என்று கேட்டேன். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்றது. இப்போதெல்லாம் வாழ்த்து வந்தால்கூட எழுதியது ஆளா மெஷினா என்று இரண்டு தடவை படிக்கிறேன்.

யாராவது வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பாருங்களேன் என்று ராத்திரியெல்லாம் புலம்பிய பிறகுதான் புத்தி வந்தது. மறுநாள் காலை காசிமேடு துறைமுகத்துக்குப் போனேன்.

நசீர் ஒரு என்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், காது டெஸ்ட் உட்பட. அழுதும் விட்டேன்.

"அத்த வுடு மாமு. பேஜாராவாத," என்று டீ சொன்னான்.

"இப்பவும் ஆடுறியா?"

"இல்ல. அன்னிக்கி வுட்டதுதான். ஜெயிச்சா எவன் நம்புவான்?"

டீ ஆறிப்போனது.

அந்த சாப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரில் மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறேன். அந்த நாளில் தோற்றால்தான் வயிறு எரியும். இப்போது ஜெயித்தால் பயம். முந்தாநாள் அதிசயமாகத் தொடர்ந்து ஆறு பேரைச் சுட்டேன். ஏழாவது ஆள் எதிரில் வந்து நின்றான். எங்கேயோ அந்த ஏஐ பார்த்துக்கொண்டிருக்குமே என்று தோன்றியது... வேண்டுமென்றே நாலு குண்டைச் சுவரில் சுட்டேன்.

அவன் என்னைக் கொன்றான். அப்பாடா என்று இருந்தது.