கார்க் கூரையில் இருந்த வெள்ளை மூட்டை

வவுனியாவில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். வீட்டில் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் என்றால்கூட நாளைக்குப் பார்ப்போம் என்பான். பழைய மொறிஸ் மைனர் ஒன்று எங்கோ கோழிக்கூடாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்த நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். போன கிழமை என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அழைப்பும் வந்துவிட்டது.

"மாமா, படம் பாத்தியளே? எங்கடை குழுவிலை எல்லாரும் இதுக்குத்தான் அடிபடினம். மூண்டும் என்னென்ன கார், இடம் எது எண்டு ஒருதருக்கும் தெரியேல்லை. நீங்கள் அந்தக் காலத்து ஆள்தானே, சொல்லுங்கோ பாப்பம்."

அந்தக் காலத்து ஆள் என்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு பக்கமும் காடு, நடுவில் தெரு, தெருவுக்கு மேலால் வெள்ளம். வெள்ளத்துக்கு அந்தக் கரையில் ஒரு கார், இந்தக் கரையில் ஒரு கார், நட்ட நடுவில் சில்லு மறைய ஒரு கார். கீழே குழுக்காரர்களின் கருத்துகள். ஆனையிறவு என்றார் ஒருவர். பூநகரித் தெரு என்றார் இன்னொருவர். முருங்கன் என்று அடித்துச் சொன்னவர், தன் தகப்பனார் முருங்கனில் வேலை பார்த்ததையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அது எப்படிச் சாட்சியாகும் என்று எனக்குப் பிடிபடவில்லை. நடுக் காரின் கூரைமேல் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே, அதைப் பற்றித்தான் பெரிய சண்டை. அரிசி மூட்டை என்று ஒரு கட்சி. கூடாரத் துணி என்று மறு கட்சி. லண்டனில் இருந்து ஒருவர், அது பயந்துபோய் ஏறிக் குந்தியிருக்கும் ஆடு என்று எழுதியிருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். ஆடும் இல்லை, அரிசியும் இல்லை. அது நான். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, கலியாண மாப்பிள்ளையாக, ஒஸ்ரின் காரின் கூரைமேல் சப்பணமிட்டு இருப்பது சாட்சாத் நானேதான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். எந்தக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் என் அழகான கையெழுத்தில்தான் கொழும்புக்குப் போகும். ஆனால் ஒரு குளத்தின் கட்டிலும் நான் ஏறி நின்றதில்லை. சொந்த ஊர் கொடிகாமம். ஆறும் இல்லை, அருவியும் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர். அப்படிப்பட்ட கந்தோருக்கு ஒருநாள் அக்கராயனில் காணி எடுத்துக் குடியேறிய கமக்காரர் ஒருவர் வாய்க்கால் முறைப்பாட்டோடு வந்தார். கூட அவருடைய மகள் மனோன்மணி. என் மேசையில் இருந்த மைக்கூட்டை அவளுடைய முழங்கை தட்டிவிட்டது. மை முழுதும் என் வெள்ளைக் காற்சட்டையில். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே நான் அவளிடம் விழுந்துவிட்டேன். காற்சட்டையைத் தோய்க்கக் கொடுக்காமல் கன நாள் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசிச் செய்கிற கலியாணமாக அதை மாற்றியெடுத்தது என் பெரியம்மா. அம்மாவின் தமக்கை. எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறப்பதும் பெயர் வைப்பதும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். சாதகம் பார்த்த சாத்திரியார் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார்: கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் தாலி ஏற வேண்டும். மார்கழியில் கலியாணம் கிடையாது. தை பிறந்தால் பெண்ணின் பலன் மாறிவிடும், பிறகு இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். இரண்டு வருடம்! நான் இரண்டு மணி நேரமே பொறுக்கமாட்டாத நிலையில் இருந்தேன்.

அன்று விடியக் கொடிகாமத்தில் நல்ல வெயில். மூன்று காரில் புறப்பட்டோம். ஏன் மூன்று என்றால், நல்ல காரியத்துக்குப் போகிறபோது ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் போக வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். முன்னால் மொறிஸ் மைனர், அதில் பெரியப்பாவும் மாப்பிள்ளைத் தோழனும். நடுவில் வாடகைக்குப் பிடித்த ஒஸ்ரின் ஏ-நாற்பது. அதில் நானும், கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டத்தை மடியில் வைத்தபடி பெரியம்மாவும், சாரதி செல்லையா அண்ணையும். பின்னால் சித்தப்பாவின் சொந்த ஹில்மன், அதில் கலியாணப் படம் எடுக்க வந்த படக்காரர். சித்தப்பா அந்தக் காரைத் தன் தலை துவட்டும் துவாயால்தான் துடைப்பார். மப்பு மந்தாரம் கண்டால் வெளியே எடுக்கமாட்டார். அன்று வெயிலை நம்பி எடுத்துவிட்டார்.

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டிப் போனதாக நான் அறியேன். நாங்களும் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். வன்னியில் இரவு முழுக்கக் கொட்டியிருந்தது என்பது அங்கே நின்ற சேற்றைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெரியம்மா அந்த அவசரத்திலும் வறுத்த கச்சான் கடலை ஒரு சரை வாங்கினார். அந்தக் கடதாசிச் சரைதான் இடத்தை நிரூபிக்க இன்றைக்கு எனக்குக் கைகொடுத்த தடயம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒஸ்ரினின் பின் கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் கூம்பாக ஒரு சரை. முறிகண்டிக் கச்சான் சூடு ஆறும்வரை எங்கள் குடும்பத்தில் யார் கையிலும் தங்காது. ஆகவே இடம் முறிகண்டியிலிருந்து ஒன்றிரண்டு மைலுக்குள்தான் இருக்க வேண்டும். ஆனையிறவாம், முருங்கனாம்!

அக்கராயன் தெருவில் திரும்பிச் சற்றுத் தூரம் போனால் ஒரு தாம்போதி. பாலம் கட்டாமல், தெருவையே பள்ளமாக்கி, மழைக்காலத் தண்ணீரை மேலாலே ஓடவிடுகிற இடம். ஓரம் தெரிவதற்கு இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கட்டைத் தூண்கள். அவையும் படத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மொறிஸ் மைனர் எப்படியோ சளசளவென்று கடந்து அக்கரை ஏறிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நீர்ப்பாசனக் கந்தோர்க்காரன் அல்லவா!

"தம்பி, எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று செல்லையா அண்ணை கேட்டார்.

"முழங்கால் அளவுதான் அண்ணை. நிண்டால் வடிஞ்சு போகும், ஓடினால் குறைஞ்சு போகும்" என்று நான் கடிதம் எழுதுகிற தோரணையில் சொன்னேன். அந்த வசனத்துக்கு இன்றுவரை எனக்கே அர்த்தம் தெரியாது. கிணற்றுத் தண்ணீரோடு வளர்ந்த எங்கள் கூட்டத்துக்குத் தண்ணீர் என்றால் ஓரிடத்தில் நிற்பது. மேலே எங்கோ காட்டில் பெய்த மழை இன்னமும் வந்துகொண்டிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதித் தூரம் போனதும் இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்து கார் நின்றது. அடுத்ததாகக் காரின் தரையால் தண்ணீர் வந்தது.

"வேட்டி நனையப்படாது! ஏறடா மேலை!" என்றார் பெரியம்மா.

"எங்கை பெரியம்மா?"

"கூரைக்கு மேலைதான். பின்னை என்ன, மரத்திலையே ஏறப்போறாய்?"

ஏறினேன். பின்னால் கரையில் நின்ற ஹில்மனிலிருந்து படக்காரர் பாய்ந்து இறங்கி, "மாப்பிளை, கொஞ்சம் சிரியுங்கோ" என்றார். நான் சிரித்தேனோ இல்லையோ தெரியாது. படத்தில் முகம் தெளிவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. பத்தரைக்கு முகூர்த்தம் முடிந்துவிடும். கூரையில் இருந்தபடி இரண்டு வருடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதால் பொட்டு அழியும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு உழவு மெசின் கடகடவென்று வந்தது. எங்களைக் காணாமல் தேடி ஓட்டி வந்தவர் என் மாமனார். சரிகைச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார், நெற்றியில் சந்தனம், கால் நிறையச் சேறு. எங்கள் நிலையைப் பார்த்துப் பதறுவார் என்று நினைத்தேன். மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு கூவினார்:

"தம்பி! குளம் வான் பாயுது! விடிய வெள்ளாப்பிலை இருந்து பாயுது!"

குளம் நிறைந்து வழிந்தால் அந்த வருடம் சோற்றுக்குப் பயமில்லை. காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு அதைவிடப் பெரிய கலியாணம் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. கூரையிலிருந்து, "சந்தோஷம் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கயிறு கட்டி ஒஸ்ரினை இழுத்து அக்கரை சேர்த்தார். நான் கூரையில் இருந்தபடியே ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தேன். பிறகு மெசின் திரும்பிப் போய்ப் படக்காரரையும் ஏற்றி வந்தது. சித்தப்பா மட்டும் அசையவில்லை. "என்ரை காரைத் தண்ணியிலை இறக்கிறதெண்டால் முதல் என்னை இறக்குங்கோ" என்று ஹில்மனின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். சரி, அவர் நிற்கட்டும், நாங்கள் போவோம் என்றால் பெரியம்மா தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காரை விட்டு இறங்கிவிட்டார்.

"ரெண்டு காரிலை போய் இறங்கிறதோ? ஒற்றையா வெளிக்கிட்டனாங்கள், ஒற்றையாத்தான் போய் இறங்கவேணும். இல்லாட்டி நான் வரமாட்டன்."

பெரியம்மா வராவிட்டால் தட்டம் வராது. தட்டம் வராவிட்டால் கூறையும் தாலியும் வராது. மாமனார் கெஞ்சினார். பெரியப்பா வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"பெரியம்மா, மெசினுக்கும் நாலு சில்லு. சுக்கான் இருக்கு. புகை விடுது. அதையும் சேத்து எண்ணுங்கோவன்!"

பெரியம்மா மெசினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், மாடு வாங்க வந்தவர் போல. "இதுக்கு ஓர்ண் இருக்கோ?" என்றார்.

"இல்லை அக்கா" என்றார் மாமனார், முகம் வாடிப்போய். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாம்! பாம்!" என்று தானே சத்தம் போட்டுக் காட்டினார்.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒஸ்ரினின் முன்னால் கட்டியிருந்த பூமாலையை அவிழ்த்து மெசினின் மூக்கில் கட்டினார், சந்தனம் குங்குமம் வைத்தார். ஆனால் மூன்றாவது வாகனம் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் இல்லாமல் வெறுமையாகப் போகலாமோ? மெசினின் மட்காட்டில், ஒரு கையால் தட்டத்தைத் தலையில் பிடித்தபடி, தானே ஏறி உட்கார்ந்தார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு. இப்ப சரி. விடுங்கோ வண்டியை!"

ஒஸ்ரினைக் கயிற்றில் இழுத்தபடியே பந்தலுக்குப் போய் இறங்கினால் ஐயரும் சமையல்காரரும் பெண்வீட்டுப் பெண்கள் சிலரும்தான் நின்றார்கள். மற்ற எல்லோரும், மேளக்காரர் உட்பட, குளம் வான் பாய்கிறதைப் பார்க்கப் போயிருந்தார்கள். காத்திருக்க நேரமில்லை. ஐயர் "கெட்டிமேளம்" என்று கையைக் காட்ட, சமையல்காரர் சோற்றுக் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்து அகப்பையால் வெளுத்து வாங்கினார். அந்தச் சத்தத்தில் தாலி கட்டினேன். குனிந்திருந்த மனோவின் தோள் குலுங்கிக் குலுங்கி ஆடியது. அழுகிறாள் என்று பயந்தேன். இல்லை, மைக்கூடு விழுந்த அன்றைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

இதையெல்லாம் சுருக்கி, மூன்று காரின் பெயரையும் இடத்தையும் மூட்டையின் பெயரையும் மருமகனைக் கொண்டு குழுவில் போடுவித்தேன். சிலர் கும்பிட்டார்கள். ஆட்டுக் கட்சிக்காரர் மட்டும் விடவில்லை. "ஐயா, கதை நல்லாயிருக்கு. ஆதாரம் ஏதும் இருக்கோ? கலியாண அல்பத்திலை ஒரு படம் போடுங்கோவன்" என்று எழுதியிருந்தார்.

அல்பத்துக்கு நான் எங்கே போவேன்? யுத்தத்தில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அலுமாரியைப் பூட்டித் திறப்பை மட்டும் கொண்டுபோனோம். திரும்பி வந்தபோது அலுமாரி நின்ற அறையே இல்லை. தாம்போதி இருந்த இடத்தில் இப்போது பாலம். வாகனங்கள் வேகம் குறைக்காமல் போகின்றன. ஒஸ்ரின், பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடி, பிறகு ஒருநாள் ஓடவில்லை. பெரியம்மா, சித்தப்பா, மாமனார், செல்லையா அண்ணை, ஒருவரும் இல்லை. படக்காரரின் பிள்ளைகள் எந்த நாட்டிலோ பழைய பெட்டியைக் கிளறும்போது, ஆரென்று தெரியாமல் இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கலியாணத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான், அதிலும் கலியாணப் பொம்பிளை இல்லை.

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மனோவிடம் கைபேசியைக் கொடுத்தேன். கூரைமேல் இருந்த என்னை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இஞ்சாருங்கோ, இதிலை நான் எங்கை?" என்றாள். படத்தின் விளிம்பைத் தாண்டி, மேசை விரிப்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். தெரு அவள் வீட்டுக்கு அப்படித்தான் போனது.

"ஆதாரம் கேக்கினம் மனோ. என்னெண்டு எழுத?"

"ஆதாரம் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிக்குது எண்டு எழுதுங்கோ."