மந்தைக்குப் பூக் கேட்ட நாள்

ஈர வாழையிலையும் அரளிப்பூவும் சேர்ந்து கசங்கினால் ஒரு கசப்பு வாசனை வரும். எட்டு வயதில் அது என் விரலில் ஏறியது, எவ்வளவு சீயக்காய் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எல்லார் வீட்டு மாடும் மேய்கிற பொது நிலத்தை "மந்தை" என்போம். அங்கே யார் கிளை ஒடிக்கலாம், எந்த மாதம் மாட்டை விடக்கூடாது என்பதையெல்லாம் மாரியம்மன் கோயில் வேம்படியில் ஊரே கூடி முடிவுகட்டும்; தாசில்தாரைக் கேட்டு அங்கே ஒரு புல்கூட முளைத்ததில்லை.

அந்த வருஷம், குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் "சேகோ பேக்டரி" போட மந்தையைக் கேட்டு ஒருவர் காரில் வந்தார். ஜவ்வரிசி கல்கத்தாவரைக்கும் போகுமாம்; எங்கள் ஊரிலோ சேலத்துக்குப் போய்வந்தவரே பெரிய ஆள். ஏழு நாள் கூடியும் பேச்சு முடியவில்லை.

"மாட்ட எங்கீங்க கட்டறது, உங்க தலையிலயா?" என்று என் அம்மா கேட்டாள்.

"உம்பட ஊட்டுக்காரனுக்கே வேல கெடைக்குமல்ல ஆத்தா" என்றார் ஊர்க்கவுண்டர்.

கடைசியில் வழக்கப்படி அம்மனிடமே பூக் கேட்பது என்றானது. ஒரே அளவில் இரண்டு இலைப் பொட்டலம். வெள்ளரளி வந்தால் மந்தை ஊருக்கு, செவ்வரளி வந்தால் பேக்டரிக்கு. எடுக்க வேண்டியது விவரம் தெரியாத ஒரு குழந்தை.

"இந்தப் புள்ளய உடுங்க, இதுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று பூசாரி என் கையைப் பிடித்தார். ஏழு நாளும் அம்மா மடியோரம் உட்கார்ந்து அத்தனை பேச்சையும் கேட்டவள் நான். பாவாடை கட்டினதுக்கும் காது இருக்கும் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றவில்லை.

அப்பா சங்ககிரியில் லாரி கிளீனர்; மாதத்தில் ஒருநாள் வருவார், மறுநாள் போய்விடுவார். பேக்டரி வந்தால் அப்பா எங்களோடே இருப்பார் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது. ஒரு பொட்டலத்தின் இலை ஓரத்தில் கிழிந்திருந்தது, உள்ளே சிவப்பு.

"எடு சாமி" என்றார் பூசாரி.

எடுத்தேன்.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நான் தினமும் அவர் முதுகில் ஏறி ஆடினேன். அம்மா இரண்டு மாட்டையும் புதன்சந்தைக்கு ஓட்டிப்போனாள். கோபமே இல்லை அவளுக்கு. "அம்மனே சொல்லீட்டா, நாம என்னத்தச் சொல்றது" என்றாள். சாகும்வரை அப்படியே நம்பினாள். ஊரையெல்லாம் வாயடிக்கிற எனக்கு அவளிடம் அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மந்தை போனபின் ஒருமுறை வேம்படியில் கூடினார்கள். முடிவுகட்ட ஒன்றுமில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டோணுங்க" என்று ஒருவர் எழுந்தார். அவர் மாட்டை விற்று வருஷமாகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். அதற்குப்பிறகு ஊர் கூடவே இல்லை.

இப்போது பேக்டரியும் இல்லை. அந்த இடத்தை யாரோ வாங்கிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டு விற்றார்கள் என்று கேட்க எனக்கு ஆசைதான். எங்கே போய் உட்கார்ந்து கேட்பது?