ஜெல்லி அக்கா

குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் அக்கா. உள்ளே இருக்கும் கூழ் வழியவில்லை என்றால், "சமத்து" என்று கொஞ்சிவிட்டுத்தான் கீழே வைப்பார். வீட்டில் தேனுக்கும் ஷாம்புக்கும் இதே சோதனைதான். "எங்க வீட்டுல எந்த பாட்டிலும் நேரா நின்னு நான் பார்த்ததில்ல" என்பார் அவர் கணவர்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் ஜெல்லி அக்கா. சோப்பு மாதிரியான ஒரு பொருளைத் தண்ணீரில் கெட்டியாகக் கலப்பார். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால் வால்கள் உள்ளே ஒளிய, தலைகள் வெளியே நிற்க, யாரும் சொல்லாமலே அவை அழகாக அடுக்கிக்கொள்ளும். புற ஊதா ஒளியைக் காட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அடுக்கு நிலைத்துவிடும் என்பது அக்காவின் கனவு. ஆனால் பிணைப்பு தொடங்கியதுமே அடுக்கு குலைந்து, கண்ணாடிபோல் இருந்த கூழ் வெளுத்துப்போகும்.

"சும்மா இருந்தா ஒழுங்கா நிக்குதுங்க. கை கோத்துக்கங்கன்னா முட்டி மோதுதுங்க. எங்க மாமியார் வீட்டு குரூப் போட்டோவேதான்!" என்று சிரிப்பார்.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா" என்று துறைத் தலைவர் சொன்ன அன்று மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "நாமதான் அவசரப்படுத்துறோமோ? வெளிச்சத்தக் கொறச்சு, குளிர்ச்சியா வச்சு, நிதானமாக் கேட்டுப் பாக்கலாமா?"

கேட்டுப் பார்த்தார். புற ஊதா விளக்குப் பெட்டியிலிருந்து குப்பி தெளிவாகவே வெளியே வந்தது. கறுப்புக் கண்ணாடி போன்ற இரு தகடுகளைக் குறுக்காக வைத்து, நடுவே அதைப் பிடித்தார். அடுக்கு இருந்தால் வண்ணம் தெரியும், இல்லையென்றால் இருட்டுதான். நீலமும் ஆரஞ்சும் மின்னின. ஆனாலும் அக்காவுக்கு அது போதவில்லை. பிணைப்பு பிடிக்காமல் இருந்தால் தண்ணீர் பட்டதும் எல்லாம் கரைந்துவிடும். குப்பி நிறையத் தண்ணீர் ஊற்றினார். காத்திருந்தோம். கூழ் சற்று உப்பியது. வண்ணம் போகவில்லை.

"கரையல! ஏய், கரையலப்பா!"

அந்தக் கூச்சலில் தாழ்வாரமே கூடிவிட்டது. துறைத் தலைவர், கணக்குப் பிரிவுக்காரர், ஏ.சி. பழுது பார்க்க வந்தவர் என்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "அட!" என்று நகர்ந்தார்கள். தகடுகளை என் கையில் திணித்துவிட்டு அக்காவைக் காணோம். எட்டிப் பார்த்தேன். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, தானும் பார்க்க வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.