உள்ளேயே கிடந்த கடைசி வரி

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்துகொண்டே ஒரு கொழும்புக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். தனியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சிறு கருவி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் வெப்பத்தை அளந்து, சீரியல் கேபிள் வழியாகக் கணினித் திரைக்கு வரி வரியாக அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து போய் முடிந்ததும் கருவியின் சிப் 'அடுத்தது எங்கே' என்று கேட்கும். அந்த இன்டரப்டுக்கு, வரிசையில் காத்திருக்கும் எழுத்தை எடுத்துக் கொடுக்கும் டிரைவர் நிரலை நான்தான் எழுதினேன்; வரிசை காலியானால் இன்டரப்ட் நின்றுவிடும்.

எல்லா வரியும் வந்தது. கடைசி வரி மட்டும் சில நேரம், அடுத்தது கிளம்பும்வரை உள்ளேயே கிடந்தது. எங்கே சிக்குகிறது என்று பார்க்க நடுவில் ஒரு செய்தியை அச்சிட்டால், அந்தச் செய்தியே சிக்கிய வரியையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். எடுத்தால் மறுபடி சிக்கும். எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை.

மூத்த பொறியாளர் தொலைபேசியில், "தங்கச்சி, கொஞ்சம் டிலே போட்டு அனுப்பிடுங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழமை என்கிட்ட தந்திருங்க, நான் முடிக்கிறேன்" என்றார். டிலே போட்டு நிரலைச் சற்றுக் காக்கவைத்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும், போகாது. நான் அவருக்குத் தங்கச்சியும் இல்லை.

வியாழன் மாலை காரணம் பிடிபட்டது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, "இன்னுமா அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டுற?" என்றார்.

அவருக்குத் தெரிந்த கதையாகவே சொன்னேன்: "கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசு தொங்குறத ஒருத்தி தூரத்துலயே பாத்துட்டு, நின்னு சாக்கக் கட்டுறா. அதுக்குள்ள ஆள் இல்லன்னு கணக்கப்புள்ள தராச எடுத்து வச்சிடுறாரு. இவ கூப்பிடுவாருன்னு நிக்கிறா. அடுத்தவ வந்து சத்தம் போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் நிறுப்பாரு."

"ஏன், அவளுக்கு வாயில்லையா?"

"நான் எழுதினதுல இல்லம்மா."

இன்டரப்ட் ஓடுகிறதா என்று என் நிரல் பார்ப்பதற்கும் எழுத்தை வரிசையில் வைப்பதற்கும் நடுவே, வரிசை காலி என்று இன்டரப்ட் நின்றுபோயிருந்தது; நிரலோ அது இன்னும் ஓடுவதாகவே நினைத்து அதை எழுப்பாமல் விட்டது. அந்த இடைவெளியில் இன்டரப்ட் நுழையாதபடி அடைத்தேன். கடைசி வரி உடனே வந்தது.

வெள்ளி காலை அனுப்பினேன். "டிலே போட்டிருந்தா புதன்கிழமையே முடிஞ்சிருக்கும், தங்கச்சி" என்று பதில் வந்தது. ஆனாலும் கருவி என் டிரைவரோடுதான் தொழிற்சாலைக்குப் போகிறது.

அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இந்த ஒத்த வரிக்கா இத்தன நாளா இந்த மூஞ்சி?"