கால் வைக்கக் கூடாத பெடல்

என் மனைவிக்கு வயிற்றில் ஆப்பரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு சரஸ்வதி அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். "தாயே, இவள் நல்லபடியாக எழுந்து வீட்டுக்கு வந்தால் வருஷா வருஷம் உன் பூஜையில் கித்தார் வாசிக்கிறேன்." பயந்துபோன மனிதன் தன்னிடம் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? மொட்டை போடலாம் என்றால் என் தலையில் முடி அதிகம் இல்லை. இருந்தது ஒரு பழைய எலெக்ட்ரிக் கித்தார்தான்.

"வயித்து ஆப்பரேஷனுக்கு யாராச்சும் சரஸ்வதிகிட்ட போவாங்களா? அது வேற டிபார்ட்மெண்ட்டு லா" என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள். ஆனால் அவள் எழுந்தாள், வீட்டுக்கு வந்தாள், வந்த மூன்றாம் நாளே சோற்றைக் குழைய விட்டதற்கு என்னைத் திட்டினாள். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். சிக்கல் என் பங்கில்தான்.

கோலாலம்பூருக்குப் பக்கம் கிள்ளானில் எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் பஜனை. நான் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறவன். வேலை முடிந்து குளித்து, திருநீறு பூசி, கித்தாரும் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஸ்பீக்கர் பெட்டியுமாகப் போய்விடுவேன். பஜனைக்குத் தலைவி ஆர்மோனியம் வாசிக்கும் அக்கா. வேலையில் இருந்தபோது நர்ஸ். ஊசி போட்ட காலத்துக் கண்டிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. "சுருதி மாதா, லயம் பிதா" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார்.

என் கித்தாருக்கு அந்த மாதா மேல் மரியாதை குறைவு. லோரி வெயிலில் நாள் முழுக்கக் கிடக்கும், பிறகு கோயில் மண்டபத்து ஃபேன் காற்று, அதோடு நான் கமகத்துக்காகக் கம்பியை இழுக்கிற இழுப்பு. இரண்டு பாட்டுக்குள் ஆறு கம்பியும் ஆறு பக்கம் போய்விடும். கித்தாரின் தலையில் மாட்டுகிற கிளிப் டியூனர் ஒன்று வைத்திருந்தேன். அது மரத்தின் அதிர்வைப் பிடித்துச் சுருதி சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து டோலக் தட்டுகிற தம்பி ஒரு தட்டுத் தட்டினால் போதும், என் கித்தார் அதிரும், முள் பேய் பிடித்தது போல ஆடும்.

சரஸ்வதி பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா சொல்லிவிட்டார். "தம்பி, பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கித்தார் என் ஆர்மோனியத்தோட சேரணும். சேரலன்னா நீங்க ஜால்ரா."

டோலக் தம்பி சிரித்தான். "அண்ணே, ஜால்ராவுக்குச் சுருதியே வேணாம். உங்களுக்குன்னே செஞ்ச ஐட்டம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன், "ஜால்ரா தட்டினா வேண்டுதல் கணக்குல வராதா?"

"வேண்டிக்கிட்டது கித்தார். அம்மன் என்ன, காதுல பஞ்சா வச்சிருக்காங்க? நாளைக்கு எனக்கு வயிறு வலிச்சா உங்க ஜால்ராவத்தான் நான் நினைப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் ரயிலேறி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். ஆர்மோனியம், மிருதங்கம், கித்தார் எல்லாம் ஒரே கூரையில் விற்கிற கடை. விற்பனைக்கு நின்ற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். என் கதையை முழுக்க, ஆப்பரேஷன் உட்பட, பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்குப் பெடல் டியூனர்தான் சரி. கித்தார் வயர் இதுக்குள்ள போய், இந்தப் பக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். கம்பி சத்தம் மட்டும்தான் இதுக்குக் கேட்கும். டோலக் என்ன, கொம்பே ஊதினாலும் அசையாது."

இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, பேட்டரி போட இடமில்லை, சுவரில் செருகத்தான் வேண்டும். எங்கள் மண்டபத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் அம்மனுக்குச் சீரியல் லைட் எரிகிறது; அதைப் பிடுங்க நான் யார்? இன்னொன்று கனமானது, பேட்டரியில் ஓடும், விளக்கும் பெரிது. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது. சுருதி கீழே இருந்தால் இடப்பக்கம் சிவப்பு, மேலே போனால் வலப்பக்கம் சிவப்பு, சேர்ந்தால் நடுவில் பச்சை. பெரியதை எடுத்துக்கொண்டேன்.

"விளக்கு எரியும்போது கித்தார் சத்தம் வெளியே வராது அண்ணே. நீங்க டியூன் பண்ணுறது யாருக்கும் கேக்காது. முடிஞ்சதும் திரும்ப ஒரு மிதி, சத்தம் வரும். மிதிச்சுப் பாருங்க."

"என்னது?"

"காலால மிதிங்க அண்ணே. பெடல் லா."

நான் இரண்டடி பின்னால் போனேன். "தங்கச்சி, இது சுருதி சொல்லுற சாமான். சுருதி மாதான்னு சொல்லுவாங்க. தாய போய் மிதிக்கச் சொல்லுறீங்களே."

"லோரி ஓட்டுறேன்னு சொன்னீங்க. பிரேக்க மிதிக்கிறீங்கதானே? அதுக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறீங்கதானே?"

அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. யோசித்துச் சொன்னேன். "பிரேக்குக்கு ச ரி க ம தெரியாது தங்கச்சி."

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி, "வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள்.

கடைசியில் கடைக்காரத் தங்கச்சியே ஒரு வழி சொன்னார். "பஜனையில தரையிலதான உட்காருவீங்க? முன்னாடி வச்சுக் கையால அமுக்குங்க. ஆனா நல்லா அழுத்தணும். பூட்ஸ் போட்ட காலுக்குன்னு செஞ்சது."

வீட்டில் அதைச் சாமி அறையில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். முதலில் வைத்த பொட்டு சரியாகப் பச்சை விளக்கு மேலேயே விழுந்துவிட்டதால், எவ்வளவு முறுக்கியும் பச்சையே வரவில்லை. கால் மணி நேரம் முறுக்கி ஒரு கம்பியையும் அறுத்தேன். மனைவி வந்து பொட்டைத் துடைத்து ஓரமாக வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணைப்பலகையில் மஞ்சள் துணி விரித்து, அதன் மேல் பெடலை வைத்து எனக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். சம்மணம் போட்டு, மடியில் கித்தார், அதற்கு மேல் தொப்பை. இத்தனையையும் தாண்டிக் கையை நீட்டி அழுத்த வேண்டுமென்றால் உடம்பு முழுக்க முன்னால் சாய வேண்டும். பாட்டுக்குப் பாட்டு சாய்ந்தேன், அழுத்தினேன், பச்சை பார்த்தேன், மறுபடி சாய்ந்து அழுத்தினேன்.

எனக்கு முதுகுப் பக்கம் கண் இல்லை. மனைவிதான் பிறகு சொன்னாள். "என்னங்க, நீங்க குனியுறப்போ எல்லாம் பின்னால ரெண்டு வரிசை குனியுது. ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு தடவ கும்பிடணும் போலன்னு நினைச்சுக்கிட்டாங்க."

முடியும்போது ஒரு ஆன்டி வந்து, பலகை மேல் ஒரு முழம் மல்லிகை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அது டியூனர் என்று சொன்னால் பூவை எடுத்துவிடுவாரோ என்று இருந்தது. பெடலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அக்கா உதட்டைச் சுழித்தார். "தம்பி, இன்னும் சேரலயே. உங்க கித்தார் ஒரு மயிரிழை கீழ நிக்குது."

"அக்கா, ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிஞ்சுச்சு."

"விளக்கு கோயில் முழுக்கத்தான் எரியுது. எனக்குக் காது இருக்கு."

டோலக் தம்பி தன் பையிலிருந்து ஜால்ராவை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் கடைத் தங்கச்சிக்குப் போன் போட்டேன். "பச்சை எரியுது, ஆனா அக்கா சேரலங்கிறாங்க" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்மோனியம் எத்தனை வருஷப் பழசு?"

"நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்பவே பழசு."

"அண்ணே, சில பழைய பெட்டி கொஞ்சம் மேல நிக்கும். உங்க பழைய கிளிப்பை ஆர்மோனியத்துல மாட்டிப் பாருங்க. அதுல சுருதி அளவு நானூத்தி நாப்பதுன்னு ஒரு நம்பர் இருக்கும், சின்ன பட்டனால ஒண்ணொண்ணா ஏத்துங்க. எந்த நம்பர்ல பச்சை வருதோ அதையே பெடல்லயும் வச்சிருங்க."

செவ்வாய்க்கிழமை மாலைப் பூஜைக்கு முன்பே மண்டபத்துக்குப் போனேன். அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் ஆர்மோனியத்தின் விளிம்பில் கிளிப்பை மாட்டி, துருத்தியை மெல்ல அசைத்து ஒரு கட்டையை அமுக்கினேன். முள் வலப்பக்கம் போய் நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே இருந்தது என் கித்தார் இல்லை. மேலே இருந்தது ஆர்மோனியம். அதாவது அக்கா. அதாவது இத்தனை வருஷமாக அக்கா பின்னால் பாடிய கோயில் முழுவதும்.

நம்பரை ஏற்றினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... நானூற்று நாற்பத்தாறில் பச்சை வந்தது. அப்போது தோளுக்குப் பின்னால் குரல்.

"என்ன தம்பி மாட்டுறீங்க?"

"இல்லக்கா, கிளிப்பு... தொலைஞ்சு போகாம இருக்கட்டும்னு."

"என் ஆர்மோனியத்துலயா?"

"பத்திரமான இடம்னு நினைச்சேன்க்கா."

அக்கா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். ஆர்மோனியம் தப்பு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும், அம்மனுக்கு அந்த நானூற்று நாற்பத்தாறுதான் பழகிப்போயிருக்குமோ என்னவோ. வீட்டுக்கு வந்து பெடலை நானூற்று நாற்பத்தாறுக்கு ஏற்றி, ஒரு கும்பிடும் போட்டு வைத்தேன்.

பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "ம்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வருவதே பெரிது. டோலக் தம்பி ஜால்ராவைப் பையில் போட்டான்.

சரஸ்வதி பூஜை அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. புத்தகம், பேனா, லோரி சாவி, ஆர்மோனியம் எல்லாவற்றுக்கும் பொட்டு. தீபாராதனையின்போது குருக்கள் வரிசையாகத் தட்டைக் காட்டிக்கொண்டு வந்தவர், மஞ்சள் துணியும் மல்லிகையும் பார்த்துப் பெடலுக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். நான் மெய்சிலிர்த்து உட்கார்ந்திருந்தேன்.

அம்மன் பாட்டுக்கு முன்னால் சாய்ந்து அழுத்தினேன். பின்னால் எல்லாரும் கும்பிட்டார்கள். ஆறு கம்பியும் பச்சை. மறுபடி சாய்ந்து அழுத்தப் போவதற்குள் அக்கா மாதா பிதா எல்லாம் சொல்லி முடித்துப் பாட்டைத் தொடங்கிவிட்டார். நானும் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மனைவியை நினைத்து, அவள் படுத்திருந்த கட்டிலை நினைத்து உருகி உருகி வாசித்தேன். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்தால், அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுகிறார். நர்ஸ் அக்கா சிரித்து நான் பார்த்ததே இல்லை. மனம் நிறைந்து கீழே குனிந்தேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு எரிந்தால் சத்தம் வராது. அதுவரை நான் வாசித்த ஒரு சுரமும் வெளியே வரவில்லை. அக்கா ரசித்தது என் மௌனத்தை.

வேண்டுதல் பாட்டு, இன்னும் ஒரு சரணம்தான் பாக்கி. அம்மன் முன்னால் தொடங்கிய வாசிப்பிலிருந்து கையை எடுக்கக் கூடாது. என் வலது கால் பெருவிரல் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு எட்டு எட்டினால் போதும். அந்த விரலைப் பார்த்தேன். மல்லிகையைப் பார்த்தேன். மாதாவைப் பார்த்தேன்.

கால் முடியாது, கை முடியாது. மிச்சம் இருந்தது தலை.

கித்தாரை வாசித்தபடியே குனிந்து நெற்றியால் முட்டினேன். அசையவில்லை. பூட்ஸ் காலுக்குச் செய்தது என்று தங்கச்சி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "தாயே" என்று இன்னொரு முட்டு, உள்ளே இருக்கிற பக்தி முழுவதையும் சேர்த்து. டக்.

கித்தார் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து குபீரென்று கிளம்பியது. டோலக் தம்பி துள்ளி விழுந்து ஒரு தாளத்தை விட்டான். அக்காவின் சிரிப்பு நின்றது. காதைச் சாய்த்துக் கேட்டார். சுருதி ஆர்மோனியத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. அக்கா மறுபடி தலையாட்டினார், சிரிக்காமல், மெதுவாக. எனக்கு அந்தத் தலையாட்டல்தான் பெரிது. பின்னால் மண்டபமே நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

முடிந்ததும் அக்கா வந்து என் நெற்றியைப் பார்த்தார். திருநீற்றுக்கு நடுவில் வட்டமாக, பத்து காசு அளவில் ஒரு வீக்கம். "ஐஸ் வைங்க தம்பி" என்றார். "அடுத்த வருஷம் தொடக்கத்துலேருந்தே சத்தமா வாசிங்க. முதல் பாதியில எனக்குச் சரியாக் கேக்கல. வயசாயிருச்சு போல."

காரில் வரும்போது மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வலது கையை எடுத்து அமுக்கியிருந்தா, அம்மன் கோவிச்சுக்கிட்டா இருப்பாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்றே சொன்னேன்.

"சரி விடுங்க" என்றாள். "பாதிப் பாட்டுதான் கேட்டுச்சு. ஆனா எனக்கு வயிறு வலிக்கல."