ஐந்து எம்எம் குளிர்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிறார்கள். தாராவியின் மே மாதப் புழுக்கத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போது, என் மகள் இசக்கி போனைப் பார்த்து, "இன்னைக்குப் பன்னெண்டு டிகிரிதாம்ப்பா" என்பாள். அயர்லாந்துக் கடல் அது. ஐரோலியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி ஜூன் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு அவளை அங்கே அனுப்புகிறது. ஆபீஸ் தோழிகளோடு மங்களூர்ப் பக்கம் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு வந்தவள், அங்கேயும் அதை விடப்போவதில்லை. கார்த்திகைக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அவள் அம்மாவும் சரி என்றோம்.

அந்தத் தண்ணீரில் இறங்க வெட்சூட் வேண்டுமாம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடுப்பு. டெய்லர் மகள் உடுப்பு எடுக்க அப்பாவைக் கூப்பிடாமல் போவாளா? செம்பூரில் ஒரு கடைக்குப் போனோம். அவள் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், பழக்கதோஷம், முதுகுப் பக்கம் பிடித்துப் பார்த்தேன். விரலுக்குச் சிக்கவில்லை. "ஏக் சைஸ் படா தே தோ பாய்" என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டேன். எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு என்றைக்கு அளவாக எடுத்திருக்கிறோம்? உள்தையலில் ரெண்டு இஞ்சு விடாமல் இசக்கிக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டைகூட நான் தைத்ததில்லை. கடைக்காரர் சிரித்தார். "டீலா ஹோகா தோ பானி அந்தர் ஆயேகா, அங்கிள்." லூசாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து வந்து போகுமாம். தண்ணீரே புகாத உடுப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்! இல்லை, கொஞ்சம் புகுமாம். அது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது.

அடுத்து ரப்பரின் கனம். எந்தெந்த மாதம் என்று கேட்டார் கடைக்காரர். ஜூனிலிருந்து நவம்பர் வரை என்றேன். அப்படியானால் நாலு எம்எம் போதும் என்று ஒன்றை எடுத்து வைத்தார். குல்லாவோடு வரும் ஐந்து எம்எம், மார்ச் மாதத்துக்காம்.

"ஏளா, டிசம்பர்லதான குளிரு?" என்றேன் மகளிடம்.

"கடலு மெதுவாத்தான் ஆறும்ப்பா. நம்ம வீட்டுத் தகரம் பொழுது போன பிறகும் சுடும்லா, அது மாதிரி. மார்ச்லதான் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்."

புரிந்தது. அவள் கை அந்த ஐந்து எம்எம் மேலேயே இருந்ததையும் பார்த்தேன்.

"நீ கார்த்திகைக்கு வந்துருவல்லா?"

"வந்துருவேம்ப்பா. இது சும்மா, சேஃப்டிக்கு."

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பொங்கல் கழிந்து பம்பாய் வந்தவன். மழைக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மே மாதம் பட்டறைச் சேக்காளிகள் மழைக்கோட்டு வாங்கப் போனார்கள். நானும் கூடப் போய் ஒன்று வாங்கினேன். அதுவும் ஒரு சைஸ் பெரிதாக, உடம்பு வைத்தாலும் அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று. ஊருக்குத் திரும்புகிறவனுக்கு மழைக்கோட்டு எதற்கு? திரும்பப் போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்ததா, இல்லை அதுவும் சும்மா சேஃப்டிக்கா? இத்தனை வருஷம் கழித்தும் சொல்லத் தெரியவில்லை. எனக்கே தெரியாததை இவளிடம் எப்படிக் கேட்பது?

"நீங்க சொல்லுங்கப்பா, எதை எடுக்க?"

நாலு என்று வாய்வரை வந்துவிட்டது. நாலை எடுத்தால் குளிருக்கு முன்னால் வந்துதானே ஆக வேண்டும்! ஆனால் அவள் வராமலே போய், மார்ச் மாதத்தில் அந்த நாலோடு தண்ணீரில் இறங்கிவிட்டால்? பிள்ளை விறைத்துப் போவாளே. பயமாக இருந்தது.

"அஞ்சையே எடு" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உடுப்பைப் புரட்டி உள்தையலைத் தேடினேன். பிற்பாடு பிரித்துவிட ஒரு இஞ்சுகூட வைக்கவில்லை.

வீட்டில் அதை மாட்ட இடமில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஒரே ஆணியில், வரப்போகும் மழைக்குத் துடைத்து வைத்த என் மழைக்கோட்டு தொங்கியது. அதன் மேலேயே மாட்டினேன். என் மனைவி தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கனமா எதுக்கு? கார்த்திகைக்கு வந்துருவால்லா?"

"சேஃப்டிக்கு" என்றேன்.